மருந்துக்குக் கேட்காதது

நாசிரியா. ஆகஸ்ட். ஜெனரேட்டர் இரண்டு முறை நின்று
மூன்றாம் முறை ஓடுகிறது.
கிருமி வளர்க்கும் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி,
வெளியே அதைவிடப் பதினொன்று கூடுதல்.

தட்டைத் திறக்கிறேன்.
பொன்வண்டின் முதுகாய்ப் பச்சை மினுக்கம்.
இவ்வளவு அழகு தேவையில்லை
ஒரு பெண்ணின் அடிவயிற்றை எரிப்பதற்கு.

பெயர் நஷ்மியா. வயது நாற்பத்தொன்று என்கிறது சீட்டு,
அவளுக்கே நிச்சயமில்லை.
விடியலிலிருந்து செங்கல் சூளை.
அங்கே கண்ணுக்கெட்டியவரை அடுக்கிய கல்,
ஒரு பெண் மறைந்து உட்கார மட்டும்
ஒரு சுவர் எழும்பவில்லை.
அதனால் தண்ணீர் குடிப்பதில்லை.
குடித்தாலும் அடக்குவாள்.

இதற்கோ அடக்கம் கிடையாது.
உடம்பெங்கும் மயிரிழை, நுனிதோறும் கொக்கி,
பையின் உட்சுவரில் சர்க்கரையைத் தேடிப் பற்றும்.
வெள்ளம் வந்தால் மற்றவை போய்விடும்,
இது
இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு.
பிறகு அந்தச் சுவருக்குள்ளேயே குடியேறிக்
கதவைச் சாத்திக்கொள்ளும்.
மருந்து வந்து தட்டும்போது
வீட்டில் யாரும் இல்லை.

சூளைக்குப் போகும் வழியில் அபூ திர்காமின் கடை.
சீட்டெல்லாம் கேட்கமாட்டார்,
அட்டையைக் கத்தரியால் வெட்டி
நாலு மாத்திரை நீட்டுவார்.
இரண்டில் எரிச்சல் நின்றால்
மிச்சம் இரண்டு கொழுந்தியாளுக்கு.
கிருமிகளுக்குள்ளும் இந்தக் கைமாற்று உண்டு:
வளையமாய்ச் சுருண்ட ஒரு சூட்சுமத்தைப்
பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும்.
வட்டி இல்லை. திருப்பித் தரவும் வேண்டாம்.
கொடுத்ததும்
கொடுத்தவரிடமே இருக்கும்.

இன்னொரு தட்டில் ஏழு மருந்து வில்லைகள்.
ஆறைச் சுற்றி
விளிம்புவரை முளைத்து நிற்கிறது,
வரப்பை மதிக்காத கோரைபோல.
ஏழாவதைச் சுற்றி மட்டும் வெறும் நிலம்.
அளவுகோல் வைத்தேன்: இருபத்துநாலு மில்லிமீட்டர்.
மறுபடியும் வைத்தேன்.

ஊசி அது.
எட்டு மணிக்கொரு தடவை, ஏழு நாள்.
சூளை இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்.
போகாத நாளுக்குக் கூலி இல்லை.
இதையெல்லாம் எழுத அறிக்கையில் கட்டம் கிடையாது,
கேட்கும், கேட்காது
என்று இரண்டே சொல்.
ஆறுமுறை கேட்காது என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.

முதல்நாள் கோப்பையைக் கொடுத்துக்
கழிப்பறையைக் காட்டியபோது
வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை.
மயங்கிவிட்டாளோ என்று தட்டினேன்.

"இரு, மகளே," என்றாள் உள்ளிருந்து,
"இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது."

வரிசையில் ஒன்பது பேர்.
நான் தட்டுவதை நிறுத்தினேன்.