பத்தொன்பதாவது பீச்

யெரெவானில் டிசம்பரின் கடைசி நாள்.
கொட்டை நீக்கிக் காயவைத்த பீச் பழங்கள்
தட்டில் வாய் பிளந்து கிடக்கின்றன,
காலியான சுருக்குப்பைகளாய்.

வால்நட்டை இடித்தேன். சர்க்கரை. ஏலம் இரண்டு சிட்டிகை.
விரலால் திணித்து உதட்டை ஒட்டினால்
முடிந்தது,
அடுப்புகூட வேண்டாம்.

பதினெட்டு நிறைந்தன.
கிண்ணத்தில் துகள் மிச்சமில்லை.
ஹ்ராந்த்தின் சட்டைப்பையில் மட்டும்
வால்நட் ஓடுகள் சலசலத்தன.
திட்ட நேரமில்லை.
பத்தொன்பதாவதை வெறுமையாகவே மூடி
அடியில் செருகினேன்,
தட்டாவது நிறைந்து தெரியட்டும்.

நள்ளிரவு தாண்டிக் கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டு வார்ட்கெஸ்.
எங்கள் குழாய் உடைந்து
அவர் வீட்டுக் கூரை ஊறிப்போன மார்ச்சிலிருந்து
பேச்சுவார்த்தை கிடையாது.
தொப்பியில் பனி.
கையில் ஒற்றை மாதுளை.

தட்டை நீட்டினேன்.
மேலே இருந்த அத்தனையையும் விட்டு
அடியில் விரல் நுழைத்து உருவினார்,
அதையேதான்.

மென்றார்.
நான் மாதுளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
இன்னும் மென்றார்.
பற்கள் எதையோ தேடுவது
கன்னத்தில் தெரிந்தது.

“ஏலம் கொஞ்சம் தூக்கல்” என்றார்,
நாற்காலியை
இழுத்துப் போட்டுக்கொண்டே.