ஐந்தாம் துளை

சுத்தியல் அறுபத்து மூன்றரைக் கிலோ.
எழுபத்தாறு சென்டிமீட்டர் உயரத்தில்
கயிற்றைத் தளர்த்தியதும் விழும்.
விழவைப்பது எலிசியோவின் பாடு.
எண்ணுவது என் வேலை.

வால்டிவியாவில் ஒன்பது நாளாக மழை.
களக்குறிப்பேட்டில் பென்சில் மட்டும்தான் எழுதும்.
மீன்சந்தைப் படித்துறையில் கடற்சிங்கங்கள்
ஒரு மீன்தலைக்குச் சண்டை பிடித்துக் கத்த,
பதினேழா பதினெட்டா,
ஒருமுறை தவறவிட்டேன்.
"பதினெட்டு!" என்றது
பக்கத்து மனையின் கன்டெய்னர்.

அதற்குள்தான் இப்போதைக்கு மழலையர் பள்ளி.
அடி விழ விழ
உள்ளேயிருந்து இருபது குரல் கூடவே எண்ணும்.
ஆசிரியை அடக்கப் பார்த்து, பிறகு
அதையே பாடமாக்கிவிட்டாள்.

முதல் பதினைந்து சென்டிமீட்டரை
எண்ணுவோம், கூட்ட மாட்டோம்.
துளையிடும்போது நாங்களே கலைத்த மண் அது,
கேட்டால் எங்களைப் பற்றித்தான் சொல்லும்.
அடுத்த பதினைந்தும் அதற்கடுத்த பதினைந்தும்
சேர்ந்தால்தான் பதில்.

நான்காம் துளை, நாலரை மீட்டர்.
ஐம்பது அடிக்கும் அசையவில்லை.
அதிர்வு கயிறேறி
எலிசியோவின் கடைவாய்ப் பல் வரை போனது.
அடிப்பாறையா,
ஆறு உருட்டிவந்து மறந்த ஒற்றைக் கல்லா?
ஐம்பது என்ற எண்ணுக்கு அது தெரியாது.

ஐந்தாம் துளை பதினொரு மீட்டர் தள்ளி.
அதே நாலரை.
கம்பியை இறக்கினோம்.
சுத்தியலை அதன் தலையில் வைத்தோம்.
வைக்கத்தான் செய்தோம்.

அது இறங்கத் தொடங்கியது.

யாரும் கயிற்றைத் தொடவில்லை.
சாக்பீஸால் இட்ட மூன்று குறிகளும்
ஒன்றன்பின் ஒன்றாய் உறைக்குள் போயின,
ஆறிய கஞ்சியில் கரண்டி நழுவுகிற மாதிரி.
கன்டெய்னரில் எல்லோரும்
'ஒன்று' சொல்ல வாய் திறந்தபடி
காத்திருந்திருக்க வேண்டும்.
அவ்வளவு அமைதி.

குழலை எடுத்து நீளவாட்டில் பிளந்தேன், மொச்சை உரிப்பதுபோல.
கறுப்புச் சேறு. மட்காத நாணல். கெட்ட முட்டை வாடை.
நடுவில் விரல்நக அளவு நீலப் பெயின்ட்,
மரச்செதிலோடு.
படகா, யார் வீட்டுச் சன்னலா?
அறுபதாம் ஆண்டு நிலம் குலுங்கித் தாழ்ந்தபோது
ஆறு ஏறிவந்து தங்கிய தெருவாக இருக்கலாம்.
பிறகு யாரோ மண் கொட்டி நிரவினார்கள்.
யாரோ விற்றார்கள்.
சமதள மனை என்றது பத்திரம்.
பொய்யில்லை.

சாயங்காலம் போனில் ஒப்பந்தக்காரர் சன்வேசா.
"ஒன்றில் ஐம்பது, இன்னொன்றில் பூஜ்யம்.
சராசரி இருபத்தைந்து.
நல்ல எண்தானே ஒரியானா?"

நல்ல எண்தான்.
இருபத்தைந்தின் மேல்
இரண்டு மாடி காலை நீட்டி உட்காரும்.
ஆனால் அந்த மண்
இந்த மனையில் நாங்கள் தோண்டிய எங்குமே இல்லை.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்,
இங்கே கல்லில் ஒரு கால்.
சேற்றுக்கால் அமிழும்,
கல்லுக்கால் வராது.
முதலில் ஒரு வகுப்பறைக் கதவு
மூடாமல் அடம்பிடிக்கும். கீலைக் குறை சொல்வார்கள்.

"நடுவில் இன்னொரு துளை வேண்டும்" என்றேன்.
"குழந்தைகள் தகரப்பெட்டிக்குள் இருக்கிறார்கள்,
ஒரு வாரம் போகும்" என்றார்.
பேராசை இல்லை அந்தக் குரலில்.
அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.
"தெரியும்" என்றேன்.
இரண்டு எண்ணையும் கூட்டாமல் வகுக்காமல்
தனித்தனி வரியில் எழுதி அனுப்பினேன்.

வியாழக்கிழமை, ஆறாம் துளை.
நான்குக்கும் ஐந்துக்கும் இடையில்
மும்முனைச் சட்டத்தை நகர்த்தி நிறுத்தினோம்.
எலிசியோ கையுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டான்.
கயிறு தளர்ந்தது.

"ஒன்று!"
எனக்கு முந்தி இருபது குரல்.

முதல் பதினைந்து சென்டிமீட்டர்தான் அது,
கணக்கில் வராது.
அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.