வாசலில் செருப்பு

சாக்கேத் கோர்ட்டில்
தமிழை இந்தி ஆக்கித் தருகிற வேலை எனக்கு.
ரசீதில் துபாஷி என்று எழுதுவார்கள்.
பிப்ரவரி. ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவந்தது,
அதுவும் மாஜிஸ்ட்ரேட் அம்மாவின் கால் பக்கம்.

கூண்டில் பூங்காவனம்.
சொந்த ஊர் சின்னசேலம் பக்கம்,
இருபத்தாறு வருடமாக மதன்கீர்.
இந்தி பேசுவாள்.
ஆனால் காய்கறி வாங்கத்தான் அந்த இந்தி,
சத்தியம் பண்ணிவிட்டுப் பேச அது போதாது
என்று சொல்லிவிட்டாள். அதனால் நான்.

அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்கு எதிர் ஃபிளாட்டில்
சுக்மதி என்றொரு பெண்,
ராஞ்சிக்கும் அப்பால் ஏதோ ஊர்.
வீட்டார் கல்யாணத்துக்கு உதய்ப்பூர் போன நான்கு நாளும்
அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்களா?
வழக்கு அதுதான்.

“பூட்டிட்டுத்தான் போனாங்க. எனக்குத் தெரியும்.”

பூட்டியதைப் பார்த்தாயா?
“இல்ல. இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கிற கதவு அது.”
அந்தப் பெண் சொன்னாளா?
“இல்ல.”
பின்னே எப்படித் தெரியும்?

“செருப்பு வெளிய கிடந்துச்சு.
நீல வாரு, இடது காலுல ஊக்கு குத்தினது.
அவளுக்கு அது ஒண்ணுதான் செருப்பு.
அது வெளிய இருந்தா ஆளு உள்ள.
பால் பை கொண்டியில தொங்குச்சு.
மொத நாளு ரெண்டு பாக்கெட்டு, மறுநாளு நாலு,
அப்புறம் பால்காரனே போடல.
ஆளு உள்ள இருந்தும் பாலு வெளிய இருந்தா
கதவு அவ கையில இல்லன்னுதானே அர்த்தம்?”

ஊகம், என்றார் எதிர்க்கட்சி வக்கீல். சிரித்தார்.

வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்:
கதவு அவள் திறக்கிற மாதிரிதான் இருந்தது,
அவள் நாளெல்லாம் தூங்கியிருப்பாள்,
தூங்குமூஞ்சி.
உதய்ப்பூரிலிருந்து அதை எப்படிப் பார்த்தீர்கள் என்று
அவரை யாரும் கேட்கவில்லை.
நானும்தான், மனசுக்குள்கூட.

தத்துவம் எம்.ஏ. நான்.
காண்டல், கருதல், உரை.
புகையைக் கண்டு நெருப்பென்று சொன்னவன் அறிந்தவன்
என்று மூன்று பக்கம் எழுதி அறுபத்திரண்டு மார்க் வாங்கினேன்.
புகையைக் கண்டவன்
யார் வீட்டு வேலைக்காரன் என்று
வினாத்தாளில் இல்லை.

மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார். மணி ஒன்று ஐந்து.
தெரியும்.
தூரத்து மலையும் தெரியும் நமக்கு,
பக்கத்து வீட்டுக் கடனும் தெரியும்.
கண்ணுக்கும் மனசுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து
பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்ட பாஷை.

“லக்தா ஹை” என்றேன்.
அவளுக்கு அப்படித் தோன்றுகிறதாம்.

ஏன் அப்படிச் சொன்னேன்?
பார்க்காததைத் தெரியும் என்கிற ஒருத்தி பக்கத்தில்
வக்கீல் சிரிக்கையில் நிற்க
கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

டைப்பிஸ்ட் தட்டி முடிப்பதற்குள்
பூங்காவனம் என் பக்கம் திரும்பினாள்.
காய்கறி வாங்குகிற இந்தியில்:
“லக்தா நஹீ. மாலூம் ஹை.”

ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.
சாட்சி துபாஷி மூலமாகத்தான் பேசவேண்டும்
என்றார் மாஜிஸ்ட்ரேட்.
என்னிடம் கேட்டார்:
என்ன சொல்கிறாள்?

இந்தியில் சொன்னதை இந்தியில் சொன்னேன்.
குரல் கொஞ்சம் கரகரத்தது.
முந்தின வரியை அடிக்கவா மேடம்,
கீழே எழுதவா என்று கேட்டார் டைப்பிஸ்ட்.
கீழே என்று சொல்லிவிட்டு
அவர் சாப்பிட எழுந்தார்.

இரண்டும் இருக்கிறது அந்தத் தாளில்.
மேலே தோன்றுகிறது, கீழே தெரியும்.
தீர்ப்பு எழுதுகிறவர் எதைப் படிப்பாரோ.

வெளியே வந்தேன்.
ஹால் வாசலில், சுவரோரம், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.
கழற்றச் சொல்லி
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
ஆள் உள்ளே, கைநாட்டு வைக்கக் காத்துக்கொண்டு.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.