முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிநொடி

நான் சுட்டபோது அவன் அங்கேதான் நின்றான்.
குண்டு போய்ச் சேர்ந்தபோது இல்லை.
நடுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிநொடி.
அதற்குள் எல்லார் திரையிலும் நான் செத்திருந்தேன்,
என் திரையில் மட்டும்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தேன்.

"முத்துப்பேட்டையிலிருந்து குண்டு என்ன
மாட்டுவண்டியிலயா வருது?"
ஈப்போவிலிருந்து காதுக்குள் சிரிக்கிறாள் ரிஃபாயா.

எல்லாரும் செய்வதை முதலில் செய்தேன்.
ரூட்டரை அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன்.
வைஃபையை நம்பாமல்
பதினைந்து மீட்டர் மஞ்சள் ஒயர் வாங்கி
மாடிப்படி நெடுக ஆணி அடித்தேன்.
அப்டேட்டை நிறுத்தினேன்.
மும்பை சர்வரை விட்டு சிங்கப்பூருக்கு மாறினேன்.
கேபிள்காரத் தமீம் வந்து
பெட்டியைத் திறந்து ஒரு பல்லியை வெளியேற்றி
"ஒளி நல்லாத்தான் வருது லாத்தா" என்று
மீட்டரைக் காட்டிவிட்டுப் போனான்.

பகலில் பார்த்தால் நாற்பது.
பொழுது சாய்ந்தால் முந்நூறு.

கடைசியில் கறுப்பு ஜன்னலைத் திறந்து
போகிற வழியை ஒவ்வொரு படியாய்க் கேட்டேன்.
முதல் படி, எங்கள் ரூட்டர்: ஒன்று.
இரண்டாம் படி: இருநூற்று எழுபது.
கடலில் ஒரு பழுதும் இல்லை.
திருத்துறைப்பூண்டியைக்கூடத் தாண்டவில்லை,
தெருமுனைக்குள்ளேயே தேங்கி நிற்கிறது.

கீழ்வீட்டுத் தேவசகாயம் அண்ணனுக்கு
இறால் குளம் இரண்டு, கேமரா நான்கு,
எனக்கும் அவருக்கும் ஒரே லைன், பாதிப் பாதி வாடகை.
இருட்டியதும் கேமராக்கள் திருடனைத் தேடும்.
ஏரேட்டர் சக்கரம் விடிய விடியத் தண்ணீரை அடிக்க,
அசைவு, அசைவு, அசைவு என்று
நான்கும் எங்கோ படம் அனுப்பிக்கொண்டே இருக்கும்.
முடியாத ஒரு திருட்டு.

மேட்டூர் திறந்து எல்லா மதகும் குடித்த மிச்சம்தான்
எங்கள் ஊருக்கு என்பார்கள்.
சரிதான். ஆனால் ஐப்பசி மழையில்
இங்கே பயிர் அழுகுவது
வரத்து இல்லாமல் அல்ல,
வடிகால் அடைத்து.

சனிக்கிழமை இறுதி ஆட்டம்.
யாரையும் கேட்காமல்
நான்கு கேமராவின் ஒயரையும் பிடுங்கினேன்.
நாற்பத்தொன்று!
நினைத்த இடத்தில் நினைத்தபோது குண்டு.
மூன்று பேரை நானே வீழ்த்தினேன்.
ரிஃபாயா கத்தினாள்,
ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கி நானும் கத்தினேன்,
கத்தி முடித்தபோதுதான்

சக்கரச் சத்தம் இல்லை.

மும்முனையில் ஒரு முனை போயிருந்தது.
வீட்டு விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது,
குளத்து மோட்டார் மட்டும் செத்துக் கிடக்கிறது.
படியில் பாதி இறங்கி, பாதி விழுந்து
கதவைத் தட்டினேன்.
லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஓடினார்.
ஜெனரேட்டர் கயிறு
ஒன்று, இரண்டு, ஐந்தாவது இழுப்பில் இருமியது.
டார்ச் வெளிச்சத்தில்
மூச்சுக்கு மேலே வந்த இறால்களின் கண்கள்,
கரையெல்லாம் சிவப்புப் பொடி தூவியதுபோல.

"நின்னு எவ்வளவு நேரமாச்சு?"
கேமராவைக் கேட்டால் சொல்லியிருக்கும்.
"இப்பத்தான்ணே" என்றேன்.

மறுநாள் ரூட்டருக்குள் நுழைந்து
கேமராக்களுக்கு முறை வைத்தேன்: இதற்குமேல் ஏற்றாதே.
சக்கரம் சுற்றும் இடத்தைக் கட்டம் போட்டு மறைத்து
அது திருடன் இல்லை என்று சொல்லிக்கொடுத்தேன்.
இரவில் இப்போது அறுபது, சில நாள் எழுபது.
விளையாடலாம்.

"ஜெயிக்கிற நேரத்துல எங்கடி போனே?
சும்மா நின்னே, சுட்டுட்டுப் போயிட்டான்."
ரிஃபாயாவிடம் லைன் போச்சு என்றேன்.

மதியம் அண்ணன் ஒரு கிலோ இறால் கொடுத்தனுப்பினார்,
பாத்திரத்தோடு, உன் காதுக்கு என்று சொல்லி.
உரித்துக்கொண்டிருக்கிறேன்.
இன்னும் பாதி இருக்கிறது.