எடைமேடையில் பூஜ்ஜியம்

கொரடாச்சேரி தாண்டும்போதே எரிந்ததாம்
அந்த மஞ்சள் விளக்கு,
வழுக்கும் காரின் படம் போட்டது.
மாட்யூலையே மாற்ற வேண்டும்,
நாற்பத்தெட்டாயிரம் என்றார்களாம் தஞ்சாவூரில்.
"நீ ஒரு தரம் பாரேன்" என்று
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்
கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் சந்தானகோபால்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது.
மாசியில் என் பதினெட்டு மூட்டையை
ஈரப்பதம் பத்தொன்பது என்று
திருப்பி அனுப்பிய கை.
அன்றைக்கு ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தேன்,
பல்லிடுக்கில் டிக்கென்று உடைந்தது.
ஆனாலும் கருவி சொன்னதுதான் எண்.

ஸ்கேனரைச் செருகினேன். நாலு புகார்.
ஸ்டியரிங் கோணம் பொருந்தவில்லை.
பின்பக்க இடது சக்கரம் பேசவில்லை.
வண்டி திரும்பும் வேகம் நம்பும்படி இல்லை.
பிரேக் பெட்டிக்கு மின்சாரம் போதவில்லை.
மாட்யூல் போச்சு சார் என்று
ஒரே ஒரு வாக்கியம் போதும்,
பதினெட்டு மூட்டைக்கும் வட்டி வந்துவிடும்.
நாக்கு நுனிவரை வந்தது.
நோட்டை எடுத்து நாலையும் எழுதினேன்.
எழுதாமல் அழிக்கிறவன்
சாட்சியைக் கலைக்கிறவன்.

பேட்டரி முனையில் பச்சை உப்பு பூத்திருந்தது.
மழையில் பதினோரு நாள் நின்ற வண்டி, பத்தரை வோல்ட்.
பசியில் கண் இருட்டினால்
எதிரே வருகிறவனெல்லாம் திருடன்தான்.
வேறு பேட்டரி வைத்து, அழித்து,
சாவியைத் திருகினால் மூன்று போயிற்று.
முதல் புகார் மட்டும் அசையவில்லை:
நேராய் நிற்கும் சக்கரத்தை
ஏழு டிகிரி வலது என்றது வண்டி.
அலைன்மெண்ட் பார்த்த புண்ணியவான்
நேர் எது என்று அதற்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

சொல்வதற்கு மட்டமான தரை வேண்டும்.
டெல்டாவில் அதற்கா பஞ்சம் என்பீர்கள்.
கொத்தனார் ட்யூபில் தண்ணீர் ஊற்றிப் பிடித்துப் பாருங்கள்.
என் ஷெட் வாய்க்கால் பக்கம் சாய்ந்திருந்தது.
அவருடைய கொள்முதல் களமோ
மழைநீர் ஓட வேண்டி நடுவில் முதுகு தூக்கியிருந்தது.
கல்லணையிலிருந்து கடல்வரைக்கும்
எல்லாம் இம்மி இம்மியாய் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது,
இல்லாவிட்டால் நமக்கு ஏது தண்ணீர்.

கடைசியில் ஹபீப் முகமதுவின் எடைமேடை,
நெல் லாரிகள் ஏறும் இரும்புப் பலகை.
ட்யூபின் இரண்டு முனையிலும் ஒரே உயரம்.
"உள்ளே யாரும் உட்காரக் கூடாது சார்,
கதவுல சாயக் கூடாது."
பத்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்,
மூட்டைக்குப் பக்கத்தில் நான் நின்ற மாதிரி.
அரை நிமிடம். தவளைச் சத்தம்.
பூஜ்ஜியத்தை ஏற்றுக்கொண்டது வண்டி.

வெண்ணாற்றங்கரையில் ஒரு ஓட்டு ஓட்டினோம். விளக்கு இல்லை.
"மறுபடி வருமா?"
"பொய்யா இருந்தா வராது.
மெய்யா இருந்தா
நீங்க வீடு போறதுக்குள்ள வந்துடும்."

பணத்தை எண்ணும்போது கேட்டேவிட்டேன்:
"உங்க ஈரப்பதக் கருவிக்கு
பேட்டரி எப்போ சார் மாத்துனது?"
விரல் நின்றது.
எதுவரை எண்ணினோம் என்று மறந்து
முதலிலிருந்து ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து ஹபீப் கூப்பிட்டான்.
எடைச்சீட்டு தானாகவே அச்சாகியிருந்தது:
காலி வண்டி, ஆயிரத்து நூற்றிருபது கிலோ.
அதற்கு நாற்பது ரூபாய் தனி என்றான்.