நூறு வாட்

குவாய்மாஸ் விரிகுடாவில் ஆகஸ்ட்.
காற்றே இல்லை. பாய்மரம் சும்மா நிற்கிறது,
வேலை போன ஆள் மாதிரி.

இருபத்தாறு அடிப் படகு.
பெயர் தெர்க்கா, பிடிவாதக்காரி என்று அர்த்தம்.
அரிசோனாக்காரர் ஒருவர் வெறுத்துப்போய் விற்றது.
ஏன் வெறுத்தார் என்பது முதல் கோடையிலேயே புரிந்தது.

ஹெர்லிந்தாவுக்கு மருத்துவமனையில் இரவு ஷிப்ட்.
அங்கே வார்டில் பதினெட்டு டிகிரி,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாடி பிடிக்கிறாள்.
காலை ஏழரைக்கு ரப்பர் படகில் துடுப்புப் போட்டு வருவாள்.
ஒன்பதுக்கெல்லாம் உள்ளறை அடுப்பு.
ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுப்பாள்,
துண்டு காய்ந்ததும் விழித்துக்கொள்வாள்.

ஜூலை முழுக்க இப்படி.
ஒருநாள், மருந்தின் அளவை
இரண்டு தடவை தப்பாகப் படித்தேன் என்றாள்.
மூன்றாம் தடவை சரியாகப் படித்தாளாம்.
சொல்லிவிட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மெரினாவில் கட்டினால் கரை மின்சாரம் உண்டு.
வாடகை அவள் சம்பளத்தில் பாதி.
நான் போனது வேறு இடத்துக்கு:
மூடிப்போன ஓர் அழகு நிலையம்.
ஜன்னல் ஏசி ஒன்று, அறுநூறு பெசோ.
முதல் மூச்சில் அது ஹேர் ஸ்ப்ரே வாசனையைத் துப்பியது.

ஏணி வாசலை அடைத்துப் பலகை அறுத்தேன்,
பெட்டியின் முதுகு வெளியே, முகம் உள்ளே.
இனி முன்பக்க மூடியைத் திறந்து
பூனை மாதிரித்தான் இறங்க வேண்டும்.
தூண்டில் இரை விற்கும் எப்பிஃபானியோ
தன் படகை நிறுத்திச் சிரித்தார்:
"பாய்மரம் வேறு எதற்கு, துணி காயப்போடவா?"

கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம்
இன்வெர்ட்டர் வீல் என்று கத்தி அணைந்தது.
மெதுவாகக் கிளப்பும் கருவி ஒன்று வாங்கினேன், கடனுக்கு.
பிறகு ஓடியது. ஓடியதும்
கணக்கு உதைத்தது.

பெட்டி குடிப்பது நாற்பத்திரண்டு ஆம்பியர்.
இரண்டு சோலார் தகடும் உச்சி வெயிலில் தருவது பன்னிரண்டு.
பாட்டரியோ ஒன்றே ஒன்று, நூறு.
மூன்று மணி நேரம் குளிர்,
அப்புறம் மறுபடியும் அடுப்பு.
இரவெல்லாம் மீட்டரோடு விழித்திருந்தேன்.
கூட்டினாலும் கழித்தாலும் பொழுது மூன்று மணிதான்.

விடியும்போது ஒன்று உறைத்தது:
தூங்கப்போவது படகு இல்லை, ஹெர்லிந்தா.
ஜமுக்காளம் இரண்டு, குமிழ்ப் பிளாஸ்டிக் ஒரு சுருள், பழைய பாய்த்துணி.
அவள் படுக்கையைச் சுற்றி மட்டும்
ஓர் அறைக்குள் அறை தைத்தேன்,
சவப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
(இந்த உவமையை அவளிடம் சொல்லவில்லை.)
இப்போது கம்ப்ரசர் பாதி நேரம் ஓய்ந்து கிடக்கிறது.
எட்டு மணி நேரம் தாங்குகிறது பாட்டரி,
மேகம் வராவிட்டால்.

பெட்டியின் வியர்வை ஒரு வாளியில் சொட்டுகிறது.
உப்பில்லாத நீர், நாளைக்கு மூன்று லிட்டர்.
அதில் துணி நனைத்துத் தகடுகளைத் துடைக்கிறேன்,
மீட்டரில் அரை ஆம்பியர் ஏறுகிறது.
அந்த அரை ஆம்பியருக்கு
எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி கொஞ்சம் அதிகம்தான்.

நான் வெளியே, பெட்டியின் சூடான முதுகுக்குப் பக்கத்தில்,
தொப்பியைக் கடலில் முக்கித் தலையில் போட்டபடி.
நாற்பத்தொரு டிகிரி.
படுத்திருக்கும் மனித உடம்பு நூறு வாட் சூடு தருமாம்.
உள்ளே ஓர் உடம்புக்குத்தான் கணக்கு போட்டிருந்தேன்.

ஒரு மணி இருக்கும்.
முன்மூடி திறந்தது. கலைந்த தலை.
"காஸ்துலோ, அங்கே என்ன பண்ணுகிறாய்?"
சொன்னேன். நூறு வாட், ஆம்பியர், மூன்று மணிக்குள்
பாட்டரி படுத்துவிடும் அபாயம், எல்லாம்.
கொட்டாவி முடியும்வரை கேட்டாள்.

"இரண்டரைக்கு அணைந்தால் இரண்டரைக்கு எழுந்துகொள்கிறேன்.
அந்த நூறு வாட்டை உள்ளே எடுத்து வா."

இறங்கினேன்.
கம்ப்ரசர் ஒரு முறை முனகியது,
எடை கூடியதைத் தெரிந்துகொண்ட மாதிரி.
மீட்டரைப் பார்க்கத் தலை தூக்கினேன்,
அவள் கை என் கண்ணின் மேல் விழுந்தது,
சில்லென்று.