பை மிதக்கும் நேரம்

முனிச்சாலைக் கடையில் கப்பி மீன்
ஜோடி நாற்பது ரூபாய்.
பசுமலை வந்து சேர்வதற்குள்
பஸ்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்:
"குழம்புக்கா?"

வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிடக் கூடாது.
கட்டு அவிழ்க்காமல் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு
அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.
பைக்குள் ஒரு சூடு, தொட்டிக்குள் ஒரு சூடு.
இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளட்டும்.
முதல் தடவை எனக்கு இது தெரியாது.
விடிவதற்குள் நான்கும் மல்லாந்திருந்தன.

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு எனக்கு.
ஞாயிறு காலை எட்டேகாலுக்கு
கோயிலின் பின்வராந்தாவில் இருபத்தோரு பிள்ளைகள்.
முன்பு நடத்திய டீச்சர் மாற்றலாகிப் போனபோது
ஆயர் சபையைச் சுற்றிப் பார்த்தார்.
எல்லாரும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள்.
நான் மட்டும் அவரைப் பார்த்துத் தொலைத்தேன்.

பெனாயா வந்தது ஜூன் மாதம்.
அத்தை கொண்டுவந்து விட்டாள்;
அம்மா தோப்பூர் ஆஸ்பத்திரியில்.
பேர் சொல்லு, ஊர் சொல்லு, ஒரு வசனம் சொல்லு.
வந்த அன்றே கேட்டுவிட்டேன்.
அவன் தூணுக்குப் பின்னால் போய் நின்றான்,
பாதி முகம் தூணுக்கு,
பாதி முகம் எங்களுக்கு.

அன்று ராத்திரி இரை போடக் குனிந்தபோது
கை அப்படியே நின்றது.
கொட்டிவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து தூண் அவனுக்கு.
வருகைப் பதிவில் அவன் பெயரைக் கூப்பிடாமலே
டிக் அடித்தேன்.

மாநகராட்சித் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைக்கணும்,
மருந்து வாடை போக.
வெள்ளிக்கிழமை ஏ.இ. என்னைத் திட்டியதை
ஞாயிற்றுக்கிழமை கெத்சியாளிடம் இறக்கினேன்,
ஒரு சிவப்பு கிரேயான் உருண்டதற்கு.
அவள் அழவில்லை. கிரேயானை மட்டும்
பெட்டிக்குள் வைத்து மூடினாள்.
நிற்காத தண்ணீர் நான்.

அப்புறம் அந்த வசனப் போட்டி.
பரிசு டிஃபன் பாக்ஸ்.
கீறல் விழுந்த குறுந்தட்டு போல ஒப்பித்தார்கள்,
இருபது வசனம், முப்பது வசனம்.
தோற்ற இரண்டு பேர் அதோடு வரவில்லை.
அதே வாரம் தொட்டியும் பால் மாதிரிக் கலங்கியது.
சிக்கந்தர் பாய் கடையில் இருந்தபடியே சொன்னார்:
"ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிறத போடுங்க சார்.
மிச்சம் அடியில போயி அழுகும்.
பசி இருந்தா மேல வரும்."

ஆகவே சகேயுவைக்
காட்டத்தி மரத்தில் ஏற்றியதோடு நிறுத்தினேன்.
"இறக்குங்க சார், இறக்குங்க சார்!"
கூப்பாட்டில் ஆயரே எட்டிப் பார்த்தார்.
அடுத்த வாரம், என்றேன்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது.
மின்வாரியக்காரன் வீட்டிலும் போகும்.
காற்று மோட்டார் மூச்சை நிறுத்த,
டம்ளரில் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
பதினொன்று. ஒன்று. இரண்டரை.
மனைவி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
இன்னொரு டம்ளரோடு உட்கார்ந்தாள்.

காலையில் பாடம் தயாரிக்கவில்லை.
குரலும் இல்லை.
பாயில் உட்கார்ந்து
கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஊழியமாக இருந்தது.
பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.
யாரும் சத்தம் போடவில்லை.

அப்போது தூணிலிருந்து,
நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல்:

"அவரு எறங்கிட்டாரா?"

இருபது தலையும் திரும்பிற்று.
என் தலையும் திரும்பப் பார்த்தது.
பிடித்துக்கொண்டேன்.
அண்ணாந்து ஃபேனைப் பார்த்தபடி சொன்னேன்:

"இன்னும் இல்லப்பா.
மேலேயேதான் இருக்காரு.
எலைய வெலக்கி வெலக்கிப் பாக்குறாரு."